மக்களின் அனுபவத்தைக் கேட்டறிதல்: நல்ல வினாக்கொத்தை அமைப்பது எவ்வாறு?

கிராமிய அபிவிருத்தியில் ஈடுபட்டுள்ள எந்த அமைப்பும், ஏன், ஒரு சிறு பங்கின் சமூகப் பணிக் குழுவும் கூட, காலத்துக்குக் காலம் மக்களிடம் ஒரு வினாக்கொத்தை எடுத்துச் செல்லவே செய்கின்றது. குடிநீர்த் திட்டம் பயன் தந்ததா? கட்டிக் கொடுத்த மலசலகூடம் பாவனையில் உள்ளதா? சுழற்சிக் கடன் யாரைச் சென்றடைந்தது? இவற்றை நாமும் அறிய விரும்புகிறோம். உதவி வழங்கும் நிறுவனங்களும் எழுத்தில் கேட்கின்றன.

பெரும் கம்பனிகளும் இதே வேலையைச் செய்கின்றன. தமது பொருளைப் பாவிப்போர் அதை எவ்வாறு பாவிக்கிறார்கள், எந்த இடத்தில் தடுமாறுகிறார்கள் என்பதை அறியப் பணம் செலவிட்டு ஆய்வு நடத்துகின்றன. பாவனையாளர் அனுபவ ஆய்வு என்று அதனை அழைக்கின்றனர். எமது வேலையும் அடிப்படையில் அதுவேயாயினும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. சவர்க்காரம் பிடிக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த முறை வேறொன்றை வாங்கிக் கொள்வார். தவறான இடத்தில் கட்டப்பட்ட நீர்த்தாங்கியை விட்டுவிட்டு இன்னொரு தாங்கியைக் கிராமத்தவர் தேடிப்போக முடியாது. எமது கேள்வி பிழைத்தால் அதன் சுமையை அவர்களே ஆண்டுக்கணக்கில் சுமக்கின்றனர். எனவே வினாக்கொத்தை அமைப்பது ஏதோ அலுவலக வேலை என்று ஒதுக்கிவிடக் கூடியதன்று.

இக்கட்டுரை வலியுறுத்த விரும்புவது ஒன்றே. எமது வினாக்கொத்துகளில் பெரும்பாலானவை மக்களின் நன்றியைக் கேட்கின்றன, அனுபவத்தைக் கேட்பதில்லை. நன்றியைக் கேட்டால் நன்றிதான் கிடைக்கும். அதை வைத்து எந்தத் திட்டத்தையும் திருத்த முடியாது.

கேள்வி மாறினால் கணக்கும் மாறும்

ஒரு கேள்வியின் சொல்லமைப்பு எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு எமது நாட்டிலேயே தெளிவான உதாரணம் உண்டு. 2001ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் வலது குறைந்தோர் எனப் பதிவானவர்கள் ஏறத்தாழ 2 இலட்சத்து 75 ஆயிரம் பேர். கணக்கிடப்பட்ட மக்களில் இது 1.6 வீதமாகும். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலோ 5 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 8.7 வீதத்தினர், அதாவது 16 இலட்சத்துக்கும் அதிகமானோர், ஏதோவொரு செயற்பாட்டுக் கஷ்டம் உள்ளவர்களாகப் பதிவாயினர்.

பதினொரு ஆண்டுகளில் இத்தொகை இவ்வாறு பெருகியதற்கு முக்கிய காரணம் கேள்வி மாறியமையே. 2001இல் யுத்தம் காரணமாக வடக்கு கிழக்கின் பல பகுதிகளில் கணக்கெடுப்பு முழுமையாக நடைபெறவில்லை என்பதும், மக்களில் முதியோரின் பங்கு கூடி வந்துள்ளது என்பதும் உண்மையே. ஆனால் இவற்றால் மட்டும் ஒன்று ஐந்தாகி விடாது. முன்னைய முறையில் வீட்டில் வலது குறைந்தவர் உண்டா என்று அறிய முற்பட்டனர். அந்தப் பெயரைத் தம் பிள்ளைக்கோ தாய்க்கோ சூட்ட எவரும் விரும்புவதில்லை. மூட்டு நோவால் படியேற முடியாத பாட்டியை வலது குறைந்தவர் என்று வீட்டார் நினைப்பதும் இல்லை. அது வயதின் இயல்பு என்றே கொள்வர்.

ஐக்கிய நாடுகள் சபையின் புள்ளிவிபர ஆணைக்குழுவின் கீழ் 2001இல் அமைக்கப்பட்ட வாஷிங்டன் குழு என்னும் அமைப்பு வேறொரு வழியைக் கண்டது. மூக்குக்கண்ணாடி அணிந்தும் பார்ப்பதில் கஷ்டம் உண்டா, நடப்பதில் அல்லது படியேறுவதில் கஷ்டம் உண்டா, கேட்பதில், நினைவில் வைத்திருப்பதில், குளித்து உடுத்துவதில், பேசி விளங்கவைப்பதில் கஷ்டம் உண்டா என ஆறு விடயங்களை அது கேட்டது. பதில்களும் 'ஆம்', 'இல்லை' என்று நிற்காமல், கஷ்டமில்லை, ஓரளவு கஷ்டம், மிகுந்த கஷ்டம், முற்றாக முடியாது என நான்கு படிகளாக அமைந்தன. இலங்கையின் 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் இவ்வகைக் கேள்விகளே கேட்கப்பட்டன.

முதற் கேள்வி ஒருவர் 'யார்' என்று கேட்டது. இரண்டாவது அவருக்கு 'என்ன நடக்கிறது' என்று கேட்டது. இந்த ஒரு வேறுபாட்டை மனதில் இருத்திக் கொண்டால் வினாக்கொத்து அமைக்கும் வேலையில் பாதி முடிந்தது எனலாம்.

'திருப்தியா?' என்று கேட்பதன் வில்லங்கம்

எமது வினாக்கொத்துகளில் தவறாது இடம்பெறும் கேள்வி, "இத்திட்டம் பற்றித் திருப்தி அடைகிறீர்களா?" என்பதாகும். கேட்பவர் திட்டத்தைக் கொண்டு வந்த அமைப்பின் ஊழியர். அவருடன் சில வேளை பங்குத்தந்தையோ அருட்சகோதரியோ வந்திருப்பார். வீட்டுக்கார அம்மா முன்வாசலில் பாய் விரித்து, பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்துவிட்டு, "நல்லம் ஃபாதர், எல்லாம் நல்லம்" என்கிறார். இதில் பொய் ஏதும் இல்லை. வீட்டுக்கு வந்தவரிடம் குறை சொல்லக் கூடாது என்பது எமது பண்பாடு. அடுத்த திட்டத்தில் தமது பெயர் விடுபடக் கூடாது என்ற கவலையும் உண்டு. 'பயனாளி' என்று நாம் அவருக்கு வைத்த பெயரிலேயே, பெற்றுக்கொண்டவர் நன்றி சொல்ல வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அடங்கியிருக்கிறது.

மலையக மக்களைப் பொறுத்தவரை இன்னொரு காரணமும் சேர்கிறது. எழுதுகோலும் படிவமுமாக வருபவரைப் பார்த்து அவர்கள் எச்சரிக்கை அடைவதற்கு வரலாறு இடமளித்துள்ளது. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவுக்கும் 3 இலட்சம் பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எந்தப் படிவத்தில் என்ன எழுதப்பட்டது என்பதே எத்தனையோ குடும்பங்கள் இங்கிருப்பதா கப்பலேறுவதா என்பதைத் தீர்மானித்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை இப்பிரச்சினை முற்றாகத் தீரவில்லை. இந்த நினைவுகள் பேரப்பிள்ளைகளின் காலத்திலும் வீட்டுப் பேச்சில் இருக்கின்றன. அத்தகைய வீட்டில் படிவத்தை விரித்து உட்காருபவர், இப்பதிலால் உங்களுக்கு எந்தக் கெடுதியும் வராது என்பதை முதலிலே சொல்லியாக வேண்டும். அதைச் சொல்வதோடு நில்லாமல், பெயர் எழுதாமலே படிவத்தை நிரப்பிக் காட்டவும் வேண்டும்.

அபிப்பிராயத்தை விட்டு நடந்ததைக் கேளுங்கள்

மரியாதையின் திரையை விலக்குவதற்கு இலகுவான வழி, அபிப்பிராயத்தைக் கேட்காமல் அண்மையில் நடந்த ஒரு சம்பவத்தைக் கேட்பதாகும். நேற்று நடந்ததைச் சொல்வது யாரையும் குறை கூறுவதாகாது. ஆகவே மக்கள் தயக்கமின்றிச் சொல்வார்கள். கட்டுகஸ்தோட்டையைச் சூழ்ந்த மலைச்சரிவுக் கிராமம் ஒன்றின் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி அறிய விரும்புவதாக வைத்துக்கொள்வோம். வழக்கமான கேள்விகளையும் அவற்றைத் திருத்தும் விதத்தையும் கீழே காணலாம்.

தவறான கேள்வி: இத்திட்டத்தினால் நீங்கள் அடைந்த நன்மைகள் யாவை?
திருத்தம்: நேற்று வீட்டுக்குக் குடிநீர் எங்கிருந்து எடுத்தீர்கள்? யார் போய் எடுத்தார்? வரிசையில் நின்ற நேரத்தையும் சேர்த்துப் போய்வர எவ்வளவு நேரம் எடுத்தது?

தவறான கேள்வி: நீர் போதுமானதாகவும் சுத்தமானதாகவும் உள்ளதா?
திருத்தம்: (இவை இரு கேள்விகள்; பிரிக்க வேண்டும்.) சென்ற ஒரு மாதத்தில் குடிப்பதற்கு நீர் இல்லாமற் போன நாள் உண்டா? எத்தனை நாட்கள்? சென்ற மழையின் போது நீர் கலங்கி வந்ததா? அப்போது என்ன செய்தீர்கள்?

தவறான கேள்வி: கட்டணத்தை ஒழுங்காகச் செலுத்துகிறீர்களா?
திருத்தம்: சென்ற மூன்று மாதங்களில் எந்த மாதம் கட்டணம் கட்ட முடிந்தது? முடியாத மாதத்தில் என்ன நடந்தது?

தவறான கேள்வி: சங்கக் கூட்டங்களில் பெண்கள் பங்குபற்றுகிறார்களா?
திருத்தம்: கடைசிக் கூட்டத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து யார் போனார்? அவர் அங்கு ஏதாவது பேசினாரா? எதைப் பற்றி?

உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சேர்ந்து குடிநீர் நிலைமையைக் கண்காணிப்பதற்குப் பரிந்துரைத்துள்ள கேள்விகளும் இவ்வாறானவையே. போய்வரும் நேரம் வரிசையோடு சேர்த்து 30 நிமிடத்துக்குள் அடங்குகிறதா என்பது அவர்களின் ஓர் அளவுகோல். நல்ல குழாய் இருந்தும் போய்வர ஒரு மணித்தியாலம் செல்லுமானால் அதை அடிப்படை வசதியாக அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அந்த ஒரு மணித்தியாலம் பெரும்பாலும் ஒரு தாயின் அல்லது ஒரு பெண்பிள்ளையின் நேரமாக இருப்பதால், 'யார் போனார்' என்ற கேள்வியை விட்டுவிடக் கூடாது.

எத்தனை நாட்களுக்குப் பின்னோக்கிக் கேட்பது என்பதும் முக்கியம். பேராசிரியர் மகலனோபிஸின் முயற்சியால் 1950இல் தொடங்கிய இந்திய தேசிய மாதிரி ஆய்வு, குடும்பங்களின் செலவைக் கடந்த 30 நாட்களுக்குக் கேட்டு வந்தது. 1999 - 2000ஆம் ஆண்டின் 55ஆவது சுற்றில் உணவுச் செலவை 7 நாட்களுக்கும் 30 நாட்களுக்குமாக ஒரே வீட்டில் இரு தடவை கேட்டனர். பதில் சொன்னவர்கள் இரண்டும் முரண்படாதவாறு சொல்ல முயன்றனர் என்றும், அதனால் 30 நாள் கணக்கு வழக்கத்திலும் உயர்ந்தது என்றும் பொருளியலாளர் பலர் வாதிட்டனர். 1993 - 94இல் 36 வீதமாக இருந்த வறுமை 26.1 வீதமாகக் குறைந்துவிட்டது என்று அரசு அறிவித்தபோது, அந்த வீழ்ச்சியில் உண்மையானது எவ்வளவு, கேள்வி மாறியதால் வந்தது எவ்வளவு என்ற விவாதம் பல ஆண்டுகள் நீடித்தது. ஒரு பெரிய நாட்டின் வறுமைக் கணக்கையே அசைக்கக் கூடியது ஒரு கேள்வியின் கால எல்லை.

எமக்குரிய விதி இதுதான்: சாப்பாடு, தண்ணீர், சிறு செலவு போன்ற அன்றாட விடயங்களை நேற்று அல்லது கடந்த வாரம் என்று கேட்க வேண்டும். நோய், கடன், வேலையிழப்பு ஆகியவற்றைப் பல மாதங்களுக்குக் கேட்கலாம். 'மூன்று மாதத்துக்கு முன்' என்பதை விட 'சித்திரை வருஷத்துக்குப் பிறகு', 'மாதா திருவிழாவுக்குப் பிறகு', 'நோன்புப் பெருநாளுக்குப் பிறகு' என்று அவரவர் நாட்காட்டியில் கேட்டால் நினைவு தெளிவாக வரும்.

மக்களின் சொல்லில் கேட்க வேண்டும்

எமது வினாக்கொத்துகள் பலவும் முதலில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பின்னர் சிங்களத்துக்கும் தமிழுக்கும் மாற்றப்படுகின்றன. இறுதியில் கிடைக்கும் தமிழ் எந்த லயத்திலும் எந்தக் கடைவீதியிலும் பேசப்படாத தமிழாக இருப்பதுண்டு.

தோட்டப்புறத்தில் "உங்களுக்குக் குழாய் நீர் உண்டா?" என்று கேட்டால் இல்லை என்பர், "பீலி எங்கே?" என்றால் கையால் காட்டுவர். மலையிலிருந்து வடித்துவிடும் நீரைப் பிடிக்கும் இடமே பீலி. "மாதத்தில் எத்தனை நாட்கள் தொழில் செய்தீர்கள்?" என்பதற்கு வரும் பதிலும் "போன மாசம் எத்தனை பேர் விழுந்தது?" என்பதற்கு வரும் பதிலும் ஒன்றல்ல. நாள் முழுவதும் மலையில் நின்று, கொழுந்து நிறை குறைந்ததால் அரைப்பேர் போடப்பட்டவர் முதற் கேள்விக்கு அந்த நாளையும் முழு நாளாக எண்ணிச் சொல்வார். சம்பளம் ஏன் குறைந்தது என்பதற்கான விடை அந்த அரைப்பேரில்தான் இருக்கிறது.

கட்டுகஸ்தோட்டை போன்று மூன்று சமூகத்தவரும் கலந்து வாழும் இடத்தில் இன்னும் கவனம் தேவை. "பள்ளி எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் முஸ்லிம் குடும்பத்தவர் பள்ளிவாசலுக்கான தூரத்தைச் சொல்வர். பிள்ளை படிக்கும் இடத்தைக் கேட்பதானால் பள்ளிக்கூடம் அல்லது ஸ்கூல் என்றே கேட்க வேண்டும்.

கொழும்பிலிருந்து இயங்கும் லேர்ன் ஏசியா என்னும் ஆய்வு நிறுவனத்தின் ஹெலனி கல்பாய கூறிய அனுபவம் இங்கு பொருத்தமானது. 2012இல் இந்தோனேசியாவில் வறிய மக்களிடையே ஆய்வு நடத்தியபோது, இணையத்தைப் பாவிப்பதில்லை என்று சொன்னவர்களே, குழுவாக இருந்து பேசும்போது முகநூலில் தாம் செய்வதைப் பற்றி உற்சாகமாகச் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களின் வாழ்வில் 'முகநூல்' இருந்தது. 'இணையம்' என்ற சொல் இருக்கவில்லை. எமது பகுதியிலும் "இணைய வசதி உண்டா?" என்பதை விட, "மத்திய கிழக்கில் இருக்கும் மகளோடு எப்படிப் பேசுகிறீர்கள்?" என்ற கேள்வி கூடிய தகவலைத் தரும்.

சொல்லைப் போலவே பதிலுக்காக நாம் அச்சிடும் கட்டங்களும் வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும். "வீடு: சொந்தம் / வாடகை" என்ற இரு கட்டங்களில் லயக் காம்பரா எதில் அடங்கும்? அது தோட்டத்துக்குரியது, வாடகையும் கொடுப்பதில்லை. மூன்று தலைமுறையாக வாழ்ந்த இடத்தைச் சிலர் சொந்தம் என்பர். காணி உறுதி இல்லாததை நினைத்துச் சிலர் இல்லை என்பர். இனம் பற்றிய கட்டமும் அப்படியே. 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில்தான் இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற தனிப் பிரிவுகள் வந்தன. 1981இல் மக்கள் தொகையில் 5.5 வீதமாக இருந்த இந்தியத் தமிழர் 2012இல் 4.1 வீதமாகக் காணப்பட்டனர். இந்தியாவுக்குச் சென்றவர்கள் ஒரு காரணம். 'இந்திய' என்ற சொல்லை இனியும் ஏற்க மனமின்றி இலங்கைத் தமிழர் என்று பதிந்தவர்கள் இன்னொரு காரணம். அச்சிட்ட கட்டத்தில் தன்னைக் காணாதவர் வேறு கட்டத்துக்குள் போய்விடுவார். கணக்கில் அவர் மறைந்து போவார்.

இதன் விலை என்ன என்பதை 2023இல் கண்டோம். அஸ்வெசும நலன்புரித் திட்டத்துக்காகக் குடும்பங்கள் 22 சுட்டிகளைக் கொண்டு மதிப்பிடப்பட்டன. முதற் பட்டியல் வெளியானதும் பல இலட்சம் மேன்முறையீடுகள் குவிந்தன. ஒரே லயத்தில் பல குடும்பங்கள் ஒரே விலாசத்தோடு வாழும் நிலையை, தனி வீடும் தனி விலாசமும் உள்ளவர்களை நினைத்து அமைக்கப்படும் படிவம் எளிதில் பிடித்துக்கொள்ளாது. கேள்வி பொருந்தாத வீட்டுக்கு உதவியும் பொருந்தாமற் போகும்.

யாரிடம், எப்போது கேட்பது?

கேள்விகள் சிறந்தவையாக இருந்தும் தவறான ஆட்களிடம் கேட்டால் பயனில்லை. ரொபர்ட் சேம்பர்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர், 1970களில் வட ஆற்காட்டிலும் இலங்கையிலும் நெற்செய்கைக் கிராமங்களை ஆராய்ந்த குழுவில் பணியாற்றியவர். 1983இல் வெளியிட்ட நூலில், வெளியிலிருந்து வருவோரின் பார்வை எவ்வாறு சாய்கின்றது என்பதை அவர் விளக்கினார். வருபவர் தார் வீதியோரத்து வீடுகளையே பார்க்கிறார்; திட்டம் நடக்கும் இடத்துக்கே போகிறார்; தலைவர்களையும் ஆண்களையுமே சந்திக்கிறார்; மழைக்காலத்தில் வருவதில்லை. மிக வறியவர்கள் இந்த நான்கு வட்டங்களுக்கும் வெளியே இருக்கிறார்கள்.

இதை எமது பகுதிக்குப் பொருத்திப் பார்ப்போம். மாத்தளை வீதியிலும் குருநாகல் வீதியிலும் பஸ்ஸில் இறங்கிச் சென்றடையக் கூடிய வீடுகள் ஒரு வகை. அங்கிருந்து அரை மணித்தியாலம் படியேறிச் செல்ல வேண்டிய வீடுகள் இன்னொரு வகை. மகாவலி நீரைச் சுத்திகரித்து அனுப்பும் பெரிய நிலையம் கட்டுகஸ்தோட்டையிலேயே இருக்கிறது என்பதால் மேலேயுள்ள வீடுகளுக்கும் நீர் போகிறது என்று எண்ணிவிட முடியாது. ஏறிப் போய்க் கேட்டால்தான் தெரியும்.

நேரமும் ஆட்களைத் தெரிவு செய்துவிடுகிறது. காலை பத்து மணிக்குத் தோட்டத்துக்குப் போனால் கொழுந்தெடுக்கும் பெண்கள் மலையில் இருப்பர். கண்டி நகரக் கடைகளில் வேலை செய்யும் இளைஞர் புறப்பட்டுப் போயிருப்பர். முதியவரும் சுகவீனமானவருமே பதில் சொல்வர். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் படிவம் கொடுப்பது எமக்கு வசதிதான். ஆனால் அது பூசைக்கு வந்தவர்களின் கருத்தாகுமே தவிர கிராமத்தின் கருத்தாகாது. கைத்தொலைபேசிக்கு அனுப்பும் படிவமும் அவ்வாறே. தொலைபேசியும் 'டேட்டா'வும் உள்ளவர் மட்டுமே அதை நிரப்புவார்.

அரச வரைவிலக்கணத்தையும் தெரிந்திருத்தல் நல்லது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 20 ஏக்கர் அல்லது அதற்கு மேற்பட்டதும், வதியும் தொழிலாளர் 10 பேராவது உள்ளதுமான தோட்டங்களையே தோட்டத்துறை எனக் கொள்கிறது. தோட்டத்தை விட்டு வெளியேறி நகரத்தின் ஓரத்தில் சிறு துண்டு நிலத்தில் குடியிருப்போர் அக்கணக்கில் கிராமத்தவராகவோ நகரத்தவராகவோ ஆகிவிடுகின்றனர். தோட்டப் பட்டியலை மட்டும் வைத்து வீடுகளைத் தெரிவு செய்தால் இவர்களை எந்த ஆய்வும் சந்திக்காது.

செய்யக் கூடியது இதுவே: கிராமத்தவரோடு சேர்ந்து எல்லா வீடுகளையும் காட்டும் ஒரு வரைபடத்தை நிலத்திலோ பெரிய தாளிலோ வரைந்து கொள்ளுங்கள். வீடுகளுக்கு இலக்கமிட்டு, ஒவ்வொரு ஐந்தாவது வீட்டையும் எடுத்துக் கொள்ளுங்கள். அந்த வீட்டில் ஆள் இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் மாலையில் மீண்டும் அதே வீட்டுக்குச் செல்லுங்கள். ஆள் இல்லாத வீடே பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகும் வீடு.

கேட்பவரும் கேட்கும் இடமும்

தோட்ட அலுவலகத்தில் வைத்து, உத்தியோகத்தர் ஒருவர் பக்கத்தில் நிற்க, சம்பளம் பற்றிய கேள்விக்கு உண்மையான பதில் வராது. கடன் கொடுத்தவரே கடனைப் பற்றி ஆய்வு செய்வதும் அப்படித்தான். முடிந்தவரை ஒரு பங்கின் இளைஞர்கள் இன்னொரு பங்கில் கேட்குமாறு மாற்றிக் கொள்ளலாம். பெண்களுடன் பெண்களே பேசுவது நல்லது. சிங்கள வீட்டுக்குச் சிங்களம் நன்கு பேசுபவர் செல்ல வேண்டும்.

ஐந்து படிகளாலான 'மிகவும் உடன்படுகிறேன்' முதல் 'முற்றாக மறுக்கிறேன்' வரையிலான அளவுகோலை அமெரிக்கரான லிக்கர்ட் 1932இல் அறிமுகப்படுத்தினார். படித்துப் பழகியவர்களிடம் அது பயன்படும். எமது மக்களிடம் பத்துப் புளியங்கொட்டைகளைக் கொடுத்து, "தண்ணீர், பாதை, மருந்து, பிள்ளைக் காம்பரா, இவற்றில் எது கூடுதல் கஷ்டம்? கஷ்டத்துக்குத் தக்கபடி கொட்டையைப் பங்கிட்டு வையுங்கள்" என்று கேட்டால், வைத்துவிட்டு ஏன் அப்படி வைத்தேன் என்பதையும் அவர்களே விளக்குவார்கள். அந்த விளக்கத்தைச் சொன்னவாறே எழுதிக் கொள்ள வேண்டும். எமது மொழியில் திருத்தி எழுதக் கூடாது.

குறுக்குங்கள், சோதியுங்கள்

அறுபது, எழுபது கேள்விகளோடு செல்வது சாதாரணமாகிவிட்டது. ஒவ்வொரு கேள்வியின் பக்கத்திலும், "இதற்கு 'இல்லை' என்று பதில் வந்தால் நாம் எதை மாற்றுவோம்?" என்று எழுதிப் பாருங்கள். விடை எழுத முடியாத கேள்வியை நீக்கிவிடுங்கள். அரை மணித்தியாலத்துக்குள் முடியுமாறு பார்த்துக் கொள்ளுங்கள். இலகுவானவற்றை முதலிலும், கடன், குடி, வருமானம் போன்றவற்றைப் பிற்பகுதியிலும் வையுங்கள். தேவையில்லாத இடத்தில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் எடுக்க வேண்டாம். தனிப்பட்ட தகவல்களைப் பாதுகாப்பதற்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் உண்டு என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பின்னர் ஏழெட்டு வீடுகளில் முன்னோடிச் சோதனை செய்யுங்கள். பதிலை எழுதியதோடு நில்லாமல், "நான் கேட்டதை நீங்கள் எப்படி விளங்கிக் கொண்டீர்கள்?" என்று கேளுங்கள். தமிழாக்கத்தை வேறொருவரிடம் கொடுத்து மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றச் செய்தால், பொருள் எங்கே நழுவியது என்பது தெரியவரும். இந்த இரண்டு நாள் வேலையைத் தவிர்ப்பதால் மிச்சமாகும் நேரத்தை விட, பிழையான படிவங்களை வைத்துத் திண்டாடும் நேரமே அதிகம்.

பதிலைத் திருப்பிக் கொடுத்தல்

இறுதியாக, மக்கள் கொடுத்த தகவலை மக்களிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும். இதற்குப் பெங்களூர் நகரம் முன்மாதிரி காட்டியது. கலாநிதி சாமுவேல் போல் தலைமையில் ஒரு குழுவினர், நீர், மின்சாரம், நகரசபை, வைத்தியசாலை போன்ற பொதுச் சேவைகள் பற்றி மக்களிடம் ஆய்வு நடத்தி, பாடசாலைப் பிள்ளைகளின் தேர்ச்சி அறிக்கையைப் போல் ஒவ்வொரு திணைக்களத்துக்கும் புள்ளியிட்டு 1994இல் வெளியிட்டனர். அந்தத் திணைக்களத்தோடு உண்மையில் அலுவல் இருந்தவர்களிடம், வேலை முடிந்ததா, எத்தனை தடவை போனீர்கள், கைலஞ்சம் கேட்டார்களா என்று கேட்டனர். சேரி மக்களிடம் தனியாகவும் ஆய்வு நடத்தினர். முடிவுகளைப் பத்திரிகைகளில் வெளியிட்டு, அதிகாரிகளும் மக்களும் கூடிய கூட்டங்களில் வைத்தனர். முதல் அறிக்கையில் திருப்தி தெரிவித்தோர் ஏறத்தாழ 9 வீதம். 1999இல் அது 34 வீதமாகவும் 2003இல் 49 வீதமாகவும் உயர்ந்தது. இந்த உயர்வுக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் முடிவுகள் அலுமாரிக்குள் பூட்டப்பட்டிருந்தால் எந்தத் திணைக்களத்துக்கும் அசைய வேண்டிய தேவை இருந்திராது.

நாமும் இரண்டு மாதத்துக்குள் அதே கிராமத்துக்குச் சென்று, பெரிய எழுத்தில் எழுதிய ஒரு தாளோடு, "நீங்கள் சொன்னது இது, நாங்கள் மாற்றப் போவது இது, எங்களால் முடியாதது இது" என்று சொல்லலாம். பிழையாக விளங்கிக் கொண்டதை அவர்கள் அங்கேயே திருத்துவார்கள். அப்படிச் செய்யாமல் மூன்றாவது, நான்காவது முறையும் படிவத்தோடு மட்டும் போனால், "எல்லாம் நல்லம்" என்ற பதிலைத் தவிர வேறெதுவும் கிடைக்காது. மக்களின் நம்பிக்கையும் ஒரு வளம். அதைக் கேள்வி கேட்டே செலவழித்து முடித்துவிடக் கூடாது.

எரிகோ வீதியோரத்தில் அமர்ந்திருந்த பார்வையற்ற பர்த்திமேயுவின் தேவை என்ன என்பது அங்கு நின்ற எல்லோருக்கும் தெரிந்ததே. கூட்டத்தினர் அவரைப் பேசாதிருக்கும்படி அதட்டினர். இயேசுவோ அவரை அழைப்பித்து, தாம் என்ன செய்ய வேண்டுமென விரும்புகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்லக் கேட்டார். தேவை எமக்குத் தெரியும் என்று எண்ணிக் கொண்டு திட்டத்தோடு போகும் எமக்கு இந்நிகழ்ச்சியில் ஒரு பாடம் உண்டு.

அடுத்த முறை உங்கள் குழு வினாக்கொத்து ஒன்றைத் தயாரிக்கும்போது, அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் அதிலுள்ள 'திருப்தி', 'நன்மை', 'பயன்' என்ற சொற்களின் கீழ் ஒரு கோடு இடுங்கள். கோடிட்ட ஒவ்வொரு இடத்திலும், நேற்றோ சென்ற வாரமோ அந்த வீட்டில் என்ன நடந்தது என்ற கேள்வியை எழுதுங்கள். பின்னர் அதை எடுத்துக் கொண்டு மேலே இருக்கும் கடைசி வீட்டிலிருந்து தொடங்குங்கள்.